சோபா பணத்தில் மூன்று மிட்டாய் மெஷின்கள்

மார்ச் 4, செவ்வாய்

பத்தரை மணிக்கு வந்த நோயாளி ஊசியைப் பார்த்ததும் "இதோ வந்துடறேன்" என்று எழுந்து போனவர் போனவர்தான். டாக்டரம்மா உள்ளே கடுகடுவென்று உட்கார்ந்திருக்கிறார். எனக்கு முன்மேசையில் அரை மணி நேரம் ஓசியில் கிடைத்தது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

நான் மிட்டாய் மெஷின் வாங்கப் போகிறேன்.

காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஒரு கை மிட்டாய் கொட்டுமே, தலையில் கண்ணாடிக் குடம் வைத்த மெஷின், அதுதான். ஒன்றில்லை, மூன்று. வெளியூருக்குக் குடிபோகிற ஒருவர் மூன்றையும் சேர்த்து விற்கிறார். சோபா வாங்கச் சேர்த்த பணம் என்னிடம் இருக்கிறது. பதினோரு வருஷமாகப் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள் மிட்டாய் விற்கக் கிளம்பியிருக்கிறாள் என்று தெரிந்தால் டாக்டரம்மா மரத்துப்போகிற ஊசி போடாமலே என் பல்லைப் பிடுங்குவார். ஆகவே தெரியக் கூடாது.

எதற்கு இந்த வேண்டாத வேலை? சின்னவளுக்காகத்தான்.

சின்னவள் என் நாத்தனார், இவருடைய ஒரே தங்கை. ஜனவரியில் ஒரு பையோடு வந்து எங்கள் வாசலில் நின்றாள். என் பையன் விடுதியில் தங்கிப் படிப்பதால் அவன் அறையைக் கொடுத்தோம். உள்ளே போனவள் சாப்பிடவும் குளிக்கவும் மட்டும்தான் வெளியே வருகிறாள். அவள் வீட்டுக்காரர் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. பத்து வருஷமாக அவள் எந்தச் செருப்பு போட வேண்டும், யாரோடு எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்பது வரைக்கும் அவரே முடிவு செய்தார், அவ்வளவுதான். இப்போது எது சொன்னாலும் தலையாட்டுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மேல் இல்லை, அந்தத் துரை மேல். (அவருக்கு நான் வைத்திருக்கிற பெயர். இந்த நோட்டில் மட்டும்தான்.)

கையைப் பிடித்து இழுத்தால் அவள் அறையை விட்டு வர மாட்டாள். ஆனால் உதவி என்று கேட்டால் மறுக்கத் தெரியாதவள். மூன்று மெஷினை நான் ஒருத்தியே எப்படிப் பார்த்துக்கொள்வது? உதவி வேண்டாமா?

மார்ச் 5, புதன்

இவரிடம் சொன்னேன். வீடுகளுக்கு மின்சார வேலை செய்கிற மனிதர், யாரையும் மறுத்துப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. "அப்போ சோபா?" என்றார். "தரை நல்லாத்தானே இருக்கு" என்றேன். குனிந்து தரையைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது.

மார்ச் 8, சனி

மெஷின்கள் வந்துவிட்டன. சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று. நீலத்துக்கு ஒரு கால் ஆடுகிறது. அதைச் சொல்லியே கொஞ்சம் விலையைக் குறைத்தேன்.

"கண்ணாடியை மடியில வெச்சுக்க ஒரு ஆள் வேணும், வாயேன்" என்று சின்னவளைக் கூட்டிப்போனேன். இவருடைய வேனில் ஒரு குடத்தை மடியிலும் மற்ற இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாகவும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளம் வந்தபோதெல்லாம் "அண்ணா, மெதுவா" என்றாள். ஜனவரிக்குப் பிறகு அவள் யாரிடமாவது ஏதாவது செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை. இவர் உடனே மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டார், பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

விற்றவர் பொறுமைசாலி. காசு விழுகிற வழி, மிட்டாயை அளந்து விடுகிற சக்கரம், அந்த அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு, எல்லாவற்றையும் கழற்றிக் காட்டினார். நான் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. சாயங்காலம் துணி எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தால், சின்னவள் சமையலறை மேசையில் நீல மெஷினை அக்கக்காகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். கதவருகே நின்று மூச்சு விடாமல் பார்த்தேன். கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சியது. முகத்தைச் சுளித்தாள். மறுபடி முதலிலிருந்து பிரித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறானால் துரையின் போன் வரும். சின்னவளோடு பேச மாட்டார், இவரோடுதான் பேசுவார், ரிப்பேருக்குக் கொடுத்த பொருள் எப்போது கிடைக்கும் என்று கேட்கிற குரலில். இன்று, "ஏப்ரல்ல எங்க ஆபீஸ் வேலை முடியுது. கடைசி ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் ரெஸ்ட் எடுக்கட்டும். தனியா ரோடு கடக்கத் தெரியாது அவளுக்கு, பாத்துக்குங்க" என்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவளும் கேட்டாள்.

"போகப் போறியா?" என்று கேட்டேன்.

"வேற என்ன செய்யறது, அண்ணி? எனக்கு என்ன தெரியும்?"

என்ன தெரியுமாம். நேத்துதான் ஒரு மெஷினை ரெண்டு வாட்டி பிரிச்சு மாட்டினா. இவளுக்கா ஒண்ணும் தெரியாது? இதைச் சொல்லிச் சொல்லியே நம்ப வெச்சவன் வாயில — வேண்டாம். எழுத மாட்டேன். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

போகாதே என்று நான் சொல்லலாம். சொன்னால் அதற்கும் "சரி, அண்ணி" என்பாள். அப்புறம் துரைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? போக மாட்டேன் என்பது அவள் வாயிலிருந்து வர வேண்டும். அல்லது போகிறேன் என்பதாவது அவளே யோசித்துச் சொன்னதாக இருக்க வேண்டும். ஏப்ரல் கடைசி ஞாயிறு வரைக்கும்தான் நேரம்.

மார்ச் 12, புதன்

மதியம் சாப்பிட்டுக்கொண்டே செலவைத் திட்டம் போட்டேன். நாங்கள் வாங்க இருந்தது மூன்று பேர் உட்காரும் சோபா. அதில் இரண்டு பேருடைய இடத்தை மெஷின்களே தின்றுவிட்டன. மிச்சமிருக்கிற ஓர் ஆள் இடத்தில்தான் மற்றதெல்லாம் அடங்க வேண்டும்.

பூட்டு மூன்றையும் மாற்ற வேண்டும், பழைய சாவி யார் யாரிடம் இருக்கிறதோ. தின்பண்டம் விற்க நகராட்சி அலுவலகத்தில் அனுமதி, அதற்கு ஒரு கட்டணம். காற்றுப் புகாத டப்பாக்கள். சின்னத் தராசு. மிட்டாய் அள்ளக் கரண்டி. கையுறை ஒரு பெட்டி. (கிளினிக் அலமாரியில் கையுறை குவிந்து கிடக்கிறது. ஒன்றைத் தொட மாட்டேன். மானம் என்று ஒன்று இருக்கிறது.) கண்ணாடி துடைக்க நூல் உதிராத துணி. சில்லறை அள்ளிக் கட்டத் தடித்த பைகள். நீல மெஷினுக்கு ஒரு கால். கடைசியாக மிட்டாய். அதற்குத்தான் கை அரிக்கிறது.

சாயங்காலம் சின்னவளிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இடம் கொடுக்கறவங்களுக்கு எவ்வளவு, அண்ணி?" என்றாள்.

"எந்த இடம்?"

"மெஷினை எங்கயாவது வைக்கணுமே. சும்மாவா வைக்க விடுவாங்க?"

மண்டையைக் குடைந்து போட்ட திட்டத்தில் மெஷின் எங்கே நிற்கும் என்பது இல்லவே இல்லை. நான் பாட்டுக்கு அது சமையலறையில் நின்றே சம்பாதிக்கும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. இருவருமே கொஞ்ச நேரம் மேசையில் நின்ற மூன்று மெஷினையும் பார்த்தோம். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள், நான் பார்த்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

நல்ல இடமெல்லாம் கிளினிக் இருக்கிற தெருவில்தான். கூட்டம் உட்கார்ந்து காத்திருக்கிற கடைகள்: சலூன், காசு போட்டுத் துணி துவைக்கிற லாண்டரி, டயர் கடை. மூவருக்கும் நான் 'பல் டாக்டர் வீட்டு அக்கா'. நான் போய் மிட்டாய் மெஷின் வைக்க இடம் கேட்டால் தேநீர் ஆறுவதற்குள் டாக்டரம்மா காதுக்குப் போய்விடும்.

"அப்ப நீதான் போய்ப் பேசணும்" என்றேன். சத்தியமாக, நான் போட்ட சதி இல்லை. அதுவாக அப்படி அமைந்தது.

"எனக்குப் பேச வராது, அண்ணி."

"வராட்டி திரும்பி வந்துடு."

கிளினிக் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெருவைக் கடந்தாள். சலூன் வாசலில் நின்றாள். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். சலூன்காரர் வெளியே வந்து ஏதோ சொன்னார். திரும்பி வந்துவிட்டாள்.

"என்ன சொன்னார்?"

"'இங்க ஆம்பளைங்களுக்கு மட்டும்தாம்மா'ன்னாரு. 'சரிங்க'ன்னு வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளுக்கும். கிளினிக் வாசலிலேயே இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உள்ளேயிருந்து டாக்டரம்மா, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று குரல் கொடுத்தார்.

மார்ச் 18, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் சின்னவள் வீட்டில் இல்லை. அவள் அறைக்கு ஓடினேன். பஸ் ஏறித் துரையிடமே போய்விட்டாளோ? அறையில் பை இருந்தது, போர்வை இல்லை. போர்வையை எடுத்துக்கொண்டு யார் ஓடிப்போவார்கள்?

இருட்டுவதற்கு முன்னால் வந்தாள், மடித்த போர்வையோடு. லாண்டரியில் போய் அதைத் துவைக்கப் போட்டுவிட்டு மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். "யார்கிட்டயும் பேசல, அண்ணி. பார்த்துட்டு மட்டும் இருந்தேன்" என்றாள். சரி, பார்க்கட்டும்.

மார்ச் 20, வியாழன்

இன்று திரைச்சீலைகளும் போய்விட்டன. தெருவில் போகிறவர்களெல்லாம் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். இவர், "இதுக்குப் பேரு என்ன, வியாபாரமா?" என்றார். துவைக்கிற செலவையும் ஆரம்பச் செலவில் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

லாண்டரியில் இடம் கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. எழுதும்போதே கை துள்ளுகிறது.

அவள் பேசவில்லையாம், லாண்டரிக்காரர்தான் பேச்சைத் தொடங்கினாராம். "உங்க வீட்ல இன்னும் துவைக்க என்னம்மா பாக்கி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவள், மெஷினுக்கு இடம் கேட்கத்தான் வருகிறேன் என்று பளிச்சென்று உண்மையைச் சொல்லிவிட்டாள். மெஷினில் விழுகிற காசில் மூன்றில் ஒரு பங்கை அவர் கேட்டார். இவள் கால் பங்கு தருவதாகவும், வாரம் இரண்டு தடவை மெஷினோடு சேர்த்து அவருடைய முன்பக்கக் கண்ணாடிக் கதவையும் துடைத்துத் தருவதாகவும் சொன்னாளாம். கதவில் குழந்தைகளின் கைத்தடம் பட்டு அவர் தினமும் முணுமுணுத்தபடி துடைப்பதைப் பார்த்து வைத்திருந்திருக்கிறாள்.

"நானா பேசினேன்னு எனக்கே தெரியல, அண்ணி. வாய் தானா பேசிடுச்சு."

அப்படியே கட்டிக்கொண்டேன். கொஞ்சம் விறைத்துப் போனாள், அப்புறம் தோளில் தலையை வைத்தாள்.

மார்ச் 29, சனி

மொத்த விலைக் கடைக்குப் போனோம். நான் அங்கே போய் அசல் பல் டாக்டர் உதவியாளராக நடந்துகொண்டேன். ஜெல்லியா, பல்லில் ஒட்டும், கூடாது. கல் மாதிரி மிட்டாயா, அடைத்த பல் பெயர்ந்துவிடும், கூடாது. புளிப்பு மிட்டாயா, பல்லை அரிக்கும், கூடவே கூடாது. கடைக்காரர் மூட்டை மூட்டையாகப் பிரித்துக் காட்டி ஓய்ந்துபோய், "நீங்க காய்கறி வாங்கிக்கிட்டு போங்களேம்மா" என்றார்.

கடைசியில் பட்டன் மாதிரி மெல்லிய சாக்லேட். நாக்கில் வைத்தால் கரைகிறது, பல்லுக்கு வேலையே இல்லை. சின்னவள், "அங்க கொஞ்சம் சூடா இருக்குமே, அண்ணி" என்று முனகினாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நான்தான் அப்படிச் சொன்னேன்.

மார்ச் 31, திங்கள்

ஆயிடுச்சு.

துணி காயவைக்கிற மெஷின் ஆறு ஓடுகிற இடம். அந்த வெக்கையில் சாக்லேட் எல்லாம் உருகி, குடத்துக்குள் ஒரே உருண்டையாக, சின்ன யானைக்குட்டி படுத்திருக்கிற மாதிரி கிடக்கிறது. சக்கரம் சுத்தல. காசு போட்டவங்க தட்டியிருக்காங்க, ஆட்டியிருக்காங்க. ஒருத்தர் வெள்ளைச் சட்டையில வழிஞ்சிடுச்சாம், லாண்டரிக்காரர்தான் திரும்ப ஓசியில துவைச்சுக் கொடுத்தாராம். சூடா இருக்கும்னு அவ அன்னிக்கே சொன்னா. வாயைத் திறந்து சொன்னா, நான் கேக்கல. துரையை மட்டும் திட்டத் தெரியுது எனக்கு.

"எல்லாம் போச்சு. விட்டுடலாமா?" என்றேன் அவளிடம். நிஜமாகவே அழுகை வந்தது.

அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வெந்நீர் போட்டாள். "முதல்ல சக்கரத்தைக் கழட்டுவோம். நீங்க கண்ணாடியைப் பிடிங்க" என்றாள். பிடித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்று மொத்த விலைக் கடைக்கு அவளே போனாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பதற்காக என்னைக் கூப்பிடவே இல்லை.

வாங்கி வந்தது ஆரஞ்சு, எலுமிச்சை, பெப்பர்மின்ட் சுவையில் கண்ணாடி மிட்டாய். கூடவே சர்க்கரை பூசிய வேர்க்கடலை. கல் மாதிரி மிட்டாய். என் பதினோரு வருஷத்துக் கல்வி காற்றில் பறந்தது.

"அங்க எல்லாரும் துணி காயறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க, அண்ணி. சாக்லேட் ஒரு நிமிஷத்துல தீர்ந்துடும். இது ஒண்ணைப் போட்டா வாயிலயே கிடக்கும். சலூன்ல வேற மாதிரி. அங்க முறை வந்ததும் எழுந்து போகணும், வாயில மிட்டாயோட ஷேவ் பண்ண முடியாது. அங்க கடலை."

இவளைத்தான் ஒன்றும் தெரியாது என்றார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சிவப்பு ஒன்று லாண்டரியில், இன்னொன்று சலூனில். இந்தத் தடவை வாசலில் நிற்காமல் நேராக உள்ளே போய், "முடி வெட்ட வரல" என்று ஆரம்பித்தாளாம். சலூன்காரர் சிரித்து, உட்காரச் சொல்லி, சம்மதித்துவிட்டார். நீலத்தின் காலை இவர் பற்ற வைத்துக் கொடுத்ததும் அது டயர் கடைக்குப் போனது.

லாண்டரி மெஷினில் மிட்டாய் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. சில்லறையை மேசையில் கொட்டியபோது வந்த சத்தம் இருக்கிறதே, இவர் குளியலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார், ஏதோ உடைந்துவிட்டது என்று.

ஏப்ரல் 12, சனி

மாட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா திரைச்சீலை துவைக்க லாண்டரிக்குப் போயிருக்கிறார். லாண்டரிக்காரர் பெருமையாக, "உங்ககிட்ட வேலை பார்க்கற அக்காவோட நாத்தனார் வெச்சது, டாக்டர்" என்று சொல்லியிருக்கிறார். என்னை உள்ளே கூப்பிட்டு, நோயாளி நாற்காலியிலேயே உட்கார வைத்தார். விளக்கு வேறு முகத்தில் அடித்தது.

"இத்தனை வருஷமா என் பக்கத்துல இருந்து நீ கத்துக்கிட்டது இதுதானா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சோபா, யானைக்குட்டி, துரை, கடைசி ஞாயிறு, எல்லாம். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"யாராவது பல்லை உடைச்சுக்கிட்டு வந்தா செலவை உன் சம்பளத்துல பிடிப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு போயிடுவாளா?" என்று கேட்டார்.

"தெரியல, டாக்டர்."

விளக்கை அணைத்தார். வேலை போகவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

துரையின் போன். அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வருகிறாராம். ஏழு மணி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்றாம். சின்னவள் கேட்டுவிட்டுக் கடலையை எடை போட்டாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு, "லாண்டரியில காசு சிக்கிக்கிச்சாம், போன் வந்துது, பார்த்துட்டு வந்துடறேன்" என்று போனாள். நாலுக்குத் துரை வந்தார், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். நாலரை ஆயிற்று, இவளைக் காணோம். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்து, "தனியா அனுப்பினீங்களா?" என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது, பயந்து எங்கேயாவது ஒளிந்துகொண்டாளோ என்று. செருப்பை மாட்டிக்கொண்டு லாண்டரிக்கு ஓடினேன்.

மெஷினைக் கவிழ்த்துப் போட்டு முழங்கை வரை உள்ளே விட்டிருந்தாள். சுற்றிலும் நாலைந்து பேர் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ வளைந்த காசைத் திணித்திருக்கிறார்கள்.

"அவர் வந்துட்டார்" என்றேன்.

"இருக்கட்டும், அண்ணி. இதைப் பாதியில விட்டா இன்னைக்கு முழுக்க ஓடாது. ஞாயித்துக்கிழமைதான் இங்க கூட்டம்."

இருக்கட்டும் என்றாள். அவரை. லாண்டரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் காசை எடுத்தாள், திருகினாள், கொட்டிய மிட்டாயைப் பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்தாள், துடைத்தாள், பூட்டினாள். அதற்கப்புறம்தான் கிளம்பினோம்.

வீட்டில் துரை எழுந்து நின்றார். "கையெல்லாம் என்ன கறுப்பு? பையை எடுத்துக்க, நேரமாச்சு."

"நான் வரல" என்றாள்.

"யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். ஜனவரியிலேர்ந்து யோசிக்கறேன்." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "அங்க வந்தா மறுபடி எனக்கு ஒண்ணும் தெரியாம போயிடும்."

துரை சிரித்தார். "மிட்டாய் வித்துப் பொழைக்கப் போறியா?"

"மிட்டாய் மட்டும் இல்ல. கடலையும் இருக்கு."

கிண்டலாகச் சொல்லவில்லை அவள். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று சொன்னாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். துரை இவரைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க" என்றார். யாரையும் மறுத்துப் பேசாத என் வீட்டுக்காரர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி, "அதான் அவளே சொல்லிட்டாளே, மாப்ள. காபி ஆறுது" என்றார்.

துரை காபியைத் தொடவில்லை. இரண்டு டிக்கெட்டோடு ஒருவராகப் போனார். கதவை மூடியதும் சின்னவள் சமையலறைக்குப் போய் வெகுநேரம் கை கழுவினாள். நான் பின்னால் போய் நின்றேன். அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். அழுதாள். "போங்க அண்ணி, பசிக்குது" என்றாள்.

ஏப்ரல் 28, திங்கள்

கிளினிக்குக்குள் நுழைந்ததுமே டாக்டரம்மா, "என்னாச்சு?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார். இன்று முழுக்க யாரையும் திட்டவில்லை.

மே 17, சனி

மெஷின்களை அவள் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டோம். சோபா பணத்தை மாதா மாதம் திருப்பித் தருவாளாம். வேண்டாம் என்றதற்கு, "வேணும்" என்றாள். என்னை எதிர்த்துப் பேசுகிறாள். பேசட்டும், இன்னும் நன்றாகப் பேசட்டும். மெஷின் மூன்றும் அவள் சாப்பாட்டுக்குக்கூடப் போதாது என்று அவளே சொல்லிவிட்டு, லாண்டரியில் மதிய நேர வேலையும் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

மே 31, சனி

லாண்டரிக்கு மேல்மாடியில் ஓர் அறை காலியாகிறதாம். பார்த்துவிட்டு வந்தாளாம். என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள்.

இந்த வீட்டை விட்டுப் போகிறாள். அறையை விட்டு வெளியே வந்தால் போதும் என்றுதானே ஆரம்பித்தேன், இப்போது போகிறாள் என்றதும் எனக்கு ஏன் பிடிக்கவில்லை? இவர் வெளியே போய் அந்த அறையின் மின்சார இணைப்பெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

ஜூன் 7, சனி

காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மிட்டாய் டப்பாக்கள். கையசைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் போன்.

"அண்ணி, உப்பு வாங்க மறந்துட்டேன். கடையில நிக்கறேன். கல் உப்பா, தூள் உப்பா?"

"உனக்கு எது பிடிக்கும்?"

கடையில் யாரோ பேசிக்கொள்வது கேட்டது.

"தெரியல, அண்ணி" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே முடியாமல். "ரெண்டும் வாங்கிட்டுப் போறேன். சாப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்."